பாம்பூஃப்ளாட்டை நான் சேர்த்த தாசில்

போர்ட் பிளேயரில் சாத்தம் படகுத்துறைக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நகல் எடுப்பதைவிட விண்ணப்பம் நிரப்பித் தருவதுதான் முக்கிய வேலை. அந்தமான் மாவட்டம் இரண்டாகப் பிரிந்து, வடக்கும் நடுவும் தனி மாவட்டமாகப் போன பிறகு எனக்குக் கிராக்கி கூடிவிட்டது. எந்தத் தீவு எந்த மாவட்டம், எந்தக் கிராமம் எந்தத் தாசில் என்று என்னிடம்தான் கேட்பார்கள். மெயின்லேண்டில் தாலுகா என்பதை இங்கே தாசில் என்கிறோம். பட்டியல் முழுக்கத் தலைக்குள் இருக்கிறது என்று நானும் பீற்றிக்கொள்வேன்.

பாம்பூஃப்ளாட்டிலிருந்து ஃபெரி பிடித்து ஒரு அக்கா வந்தார். மீன் விற்பவர். மகளுக்கு மெயின்லேண்டில் நர்சிங் படிக்க, தீவுப் பிள்ளைகளுக்கான ஒதுக்கீட்டில் இடம் கிடைத்திருந்தது. இந்த ஊர்க்காரி என்ற சான்றிதழ் மட்டும் கொடுக்க வேண்டும். பேசிக்கொண்டே எழுதினேன். தாசில் என்ற கட்டத்தில் போர்ட் பிளேயர் என்று போட்டேன்.

பாம்பூஃப்ளாட் ஃபெரார்கஞ்ச் தாசிலில் இருக்கிறது. அது எனக்குத் தெரியாதா என்ன? ஆனால் முதல் ஃபெரியிலிருந்து அந்த ஊர் சனம் இங்கேதான் வந்து இறங்குகிறது. வேலை, ஆஸ்பத்திரி, துணிமணி எல்லாம் இக்கரையில். என் கடை வாசலில் நின்றால் அவர்கள் வீட்டுக் கூரை தெரியும். அதை வேறு தாசில் என்று நினைக்க மனம் வரவில்லை, கை அதுபாட்டுக்கு எழுதிவிட்டது. யானைக்கும் அடி சறுக்கும் என்று சமாதானம் சொல்லலாம். நான் யானை இல்லை, திமிர் பிடித்த ஜெராக்ஸ்காரன்.

மூன்று வாரம் கழித்து அக்கா அதே தாளோடு வந்து நின்றார்.

“தம்பி, ஃபார்ம் வாபஸ் வந்துருச்சு. தாசில் தப்பாம். ஃபெரார்கஞ்சுல புதுசாப் போடணுமாம். காலேஜுக்கு நாளைக்குத்தான் லாஸ்ட் டேட். அப் க்யா கரே, இப்ப என்ன பண்றது தம்பி?”

கட்டத்தில் இருந்தது என் கையெழுத்து. தப்பு என்னுடையது என்று சொல்லியிருக்க வேண்டும். கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள்.

“ஆபீஸ்ல இப்படித்தான்க்கா அலைய விடுவாங்க. எல்லையை அவங்க இஷ்டத்துக்கு மாத்துவாங்க, நமக்கு யாரு சொல்றா?” என்றேன்.

அக்கா நம்பினார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். சரியான சான்றிதழ் வந்தபோது அந்த இடம் வேறொரு பிள்ளைக்குப் போயிருந்தது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால் அந்தப் பெண்ணுக்கு என்ன லாபம்?

போன மாதம் ஃபெரியில் இருவரையும் பார்த்தேன். மகள் இப்போது இக்கரையில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாளாம்.

“இந்த மாமாதான்டி அன்னிக்கு உனக்கு எழுதிக் குடுத்தாரு. ஆபீஸ்காரன் கெடுத்தா இவரு என்ன பண்ணுவாரு, பாவம்” என்றார் அக்கா.

அந்தப் பெண் என்னைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தாள்.

“தங்கச்சிக்கு அடுத்த வருஷம் சர்ட்டிஃபிகேட் போடணும் மாமா. நீங்களே எழுதிக் குடுங்க. வேற யார்கிட்டயும் போக பயமா இருக்கு.”

கரை வருவதற்கு இன்னும் நேரம் இருந்தது. சரிம்மா என்று மட்டும் சொன்னேன்.