வயிறு வைத்த கிடார்

இன்று வேங்கிக்கால் பஸ்ஸில், எங்கள் பழைய மெல்லிசைக் குழுவின் பாடகன் செல்வத்தைப் பார்த்தேன்.

"அந்த சங்கு கிடாரை இன்னும் வச்சிருக்கியாடா?" என்று எடுத்ததுமே கேட்டான்.

எரிச்சலாக வந்தது. இத்தனை வருஷமாகியும் விடமாட்டேன் என்கிறான்.

எண்பதுகளில் எலெக்ட்ரிக் கிடார் எங்கள் கைக்கு எட்டாத பொருள். அடி அண்ணாமலை தச்சரிடம் பலாக்கட்டையைக் கொடுத்து ஒன்று செய்யச் சொல்லி, "உள்ள குடையாதீங்க, கெட்டியாவே இருக்கட்டும்" என்று படித்துப் படித்துச் சொன்னேன். கம்பியின் அதிர்வை அதன் அடியில் பொருத்தும் காந்தமே பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்பிவிடும் என்றும் விளக்கினேன். தலையாட்டினார்.

கையில் வாங்கியபோது கிடார் தக்கை மாதிரி இருந்தது.

"வயிறு இல்லாத வாத்தியம் எப்படிங்க பேசும்? உங்களுக்கோசரம் வீணை மாதிரி குடைஞ்சி, மேல பலகை ஒட்டிட்டேன். சத்தம் ஜாஸ்தியா வரும்."

வந்தது. கார்த்திகை தீபத்தன்று கச்சேரி மேடையில், ஸ்பீக்கர் சத்தம் அந்த வயிற்றுக்குள் புகுந்து, நான் கம்பியைத் தொடாமலே கிடார் ஊளையிட ஆரம்பித்தது. எந்தக் குமிழைத் திருகியும் நிற்கவில்லை.

சங்கு ஊதுவதாக நினைத்துக் கூட்டமே எழுந்து கைகூப்பியது. "அண்ணாமலையாருக்கு அரோகரா!" செல்வம் மைக்கிலேயே கத்தினான்.

அன்று எனக்குக் கிடைத்த ஒரே வரவேற்பு, நான் வாசிக்காததற்கு. இப்படி உங்களில் யாருக்காவது நடந்திருக்கிறதா, இல்லை எனக்கு மட்டும்தானா?