விண்கலத்தின் கதவு

பிரவுன் பேப்பர் உறை போடுமுன் அந்தப் புத்தகத்தைத் திறந்து பார்க்க எனக்கு ஏன் தோன்றவில்லை? இன்றுவரை தெரியவில்லை. ஆறாம் ஆண்டுக்குப் போகும் மகளின் பாடப் புத்தகங்களுக்கெல்லாம் உறை போட்டேன். அட்டையில் விண்கலம் இருந்த ஒன்றுக்கும் போட்டு, ‘விஞ்ஞானம்’ என்று என் கையாலேயே எழுதி ஒட்டினேன்.

அது அவளுடைய மாமா, என் இளைய சகோதரன், கண்டியிலிருந்து வாங்கிவந்த பயங்கரச் சித்திரக்கதை. அதை அவள் என் முன்னாலேயே மூன்று தடவை வாசித்து முடித்தாள். நானோ பாடம் படிக்கிறாள் என்று தேநீர் ஊற்றிக் கொடுத்தேன்.

கதையில் ஒருவனின் உடம்புக்குள் ஏதோ புகுந்துவிடுகிறது. அவன் உள்ளே வந்தால் எல்லோரும் செத்துப்போவார்கள் என்று, விண்கலத்தின் கதவைத் திறக்காமல் மற்றவர்கள் அவனை வெளியே விட்டுவிடுகிறார்கள்.

"உம்மா, வெளியில நான் நிண்டா தொறப்பீங்களா?"

"தொறப்பேன் மகள்."

"அப்ப உள்ளுக்கு ஈக்கிற தம்பி மவுத்தாகிருவானே."

தம்பி என் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தான். "சரி, தொறக்க மாட்டேன்" என்றேன். அழுதுவிட்டாள்.

இப்போது பாடசாலை விட்டு வந்ததும் கதவைத் தட்டிவிட்டு, நான் திறக்கும்வரை சத்தமாக எண்ணுகிறாள். மாமாவிடம் சொன்னால், "கதைதானே ராத்தா" என்று சிரிக்கிறான்.

பிள்ளை வளர்த்தவர்களே, அவளுக்கு என்ன பதில் சொல்வது? தயவுசெய்து எழுதுங்கள். புத்தகத்தை ஒளித்துவைக்க மட்டும் சொல்லாதீர்கள். வைத்துவிட்டேன், அவளுக்கு அது மனப்பாடம்.