இரண்டு ஊர் நேரம்

கையில் கட்டுகிற கடிகாரம் யாருடைய நேரத்தைக் காட்ட வேண்டும்? எனக்கு இன்னும் தெரியவில்லை.

அடுத்த வாரம் என் கணவர் கத்தாருக்கு வேலைக்குப் போகிறார். அதற்குமுன் எனக்கு வாட்ச் வாங்கித் தர விருத்தாசலம் கடைத்தெருவுக்கு அழைத்துப் போனார். கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று மெல்லியது, விசேஷங்களுக்குக் கட்டலாம். இன்னொன்று பயணத்துக்கானது, கூடுதலாக ஒரு மணி முள் வைத்து இரண்டு ஊர் நேரம் காட்டும்.

"இதுன்னா நான் தூங்குறேனா முழிச்சிருக்கேனான்னு பாத்துக்கலாம். ஒனக்கு எது வேணும்?" என்றார் கணவர், பயண வாட்சைக் காட்டி.

அந்த இரண்டாவது முள்ளைப் பார்த்ததும் சின்ன வயதில் எங்கள் வீட்டில் இருந்த சுவர்க்கடிகாரம் நினைவுக்கு வந்தது. செராமிக் கம்பெனியில் சூளை பார்த்த அப்பா மஸ்கட் போன அன்றே, அம்மா அதை ஒன்றரை மணி நேரம் பின்னால் தள்ளி வைத்துவிட்டார். என்னிடம் சொல்லவில்லை. மறுநாள் அம்மா பொம்மைக்கு வர்ணம் பூசும் வேலைக்குப் போனபின், நான் கடிகாரத்தை நம்பி நிதானமாகக் கிளம்பினேன். பள்ளியில் இரண்டாம் பாடமே முடிந்திருந்தது.

மாலையில் அழுதேன்.

"ஒங்கப்பா அங்க சாப்புட்டாரான்னு தெரிய வேணாமா பாப்பா?" என்றார் அம்மா, களைப்போடு.

பக்கத்து வீட்டு அத்தை விடவில்லை. "ஏண்டி, ஒம் புருஷன் மஸ்கட்டுல பல்லு வெளக்குற வரைக்கும் புள்ள இங்க பட்டினி கெடக்கணுமா?"

அம்மா சிரித்தார்; கடிகாரத்தை மாற்றவில்லை. அப்பா திரும்பும்வரை மனக்கணக்குப் போட்டுத்தான் பள்ளிக்குப் போனேன்.

கடையில் என் தோளில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். நாளை சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். பயண வாட்ச் கட்டினால் நானும் அங்கேயே வாழத் தொடங்கிவிடுவேனோ? வேண்டாம் என்றால் அவர் மனம் வாடுமே. கணவரை வெளிநாடு அனுப்பியவர்கள் சொல்லுங்களேன், எதை எடுக்கட்டும்?