ஐஸ் பெட்டி வேண்டாம் என்றவள்

என் அண்ணி முத்தம்மாவைத் தேட வேண்டுமென்றால் வெயில் எங்கே அடிக்கிறதென்று பார்த்தால் போதும். கத்திரி வெயிலில் நாய்கூட லாரிக்கடியில் புகுந்து படுக்கும். இவள் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, முகத்தை மேலே தூக்கி, கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருப்பாள். கூப்பிட்டால் உடனே பதில் வராது. எங்கேயோ தூரத்தில் நடந்துகொண்டிருந்தவள் திரும்பி வர நேரமாகும். பைத்தியக்காரி என்று அவள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். சிரிப்பாளே தவிர கோபித்துக்கொள்ள மாட்டாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் எறால் கம்பெனியில் அவளுக்கு வேலை. எறால் உரிக்கத்தான் சேர்ந்தாள். வாய் பேசாமல் வேலை செய்கிறாள் என்று குளிர் அறைக்கு மாற்றிவிட்டார்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? நானாயிருந்தால் அந்த சூப்பர்வைசரை ஒரு வழி பண்ணியிருப்பேன். இரும்புக் கதவைத் திறந்தால் வெள்ளைப் புகை வந்து காலைச் சுற்றும். உள்ளே எறால் பெட்டி பெட்டியாக உறைந்து கிடக்கும். கம்பெனி கொடுத்த கோட்டும் கையுறையும் போட்டுக்கொண்டு உள்ளே போய் அடுக்குவாள். கொஞ்ச நேரம் வெளியே வந்து நிற்பாள். மறுபடி உள்ளே. கல்யாணமாகி வந்த புதிதில் தொடங்கிய வேலை, மகள் மோனிகா படித்து நர்ஸாகிக் குவைத்துக்குப் போன பிறகும் நிற்கவில்லை.

உள்ளே தூக்கத்தில் நடக்கிற மாதிரி இருக்கும் என்பாள். மோட்டார் உறுமலைத் தவிர சத்தம் கிடையாது, வாசனை கிடையாது. பேசினால் பேச்சு புகையாகப் போகும். அந்த நேரத்தில் வெயிலை நினைத்துக்கொள்வாளாம். நினைத்தால் வந்துவிடுமாம். அவள் பிறந்த ஊர் பழவேற்காடு பக்கம். ஏரித் தண்ணீர் வற்றிப் பாளம் பாளமாக வெடித்த சேற்றில் வெறுங்காலோடு நடக்கிறாளாம். காலடியில் பூமி சுடுகிறதாம். தூரத்தில் பூநாரைகள் தண்ணீரிலா வானத்திலா என்று தெரியாமல் நிற்கின்றனவாம். அதை நோக்கி நடந்துகொண்டே இருக்கிறாளாம், போய்ச் சேருவதே இல்லையாம். கேட்டுக்கொண்டிருந்தால் நமக்கும் கண் சொக்கும். எனக்கு வீட்டில் உலை கொதிக்கும், எழுந்து ஓடிவிடுவேன்.

போன வருஷம் எங்கள் தெருவில் மரக்கடை பாக்கியராஜின் அப்பா இறந்துபோனார். எங்கள் பக்கம் சாவு என்றால் ஒப்பாரிக்கு முன்னால் ஐஸ் பெட்டி வந்துவிடும். தெருக்கோடி ஜெரால்ட் அதற்கென்றே இருக்கிறான். அவன் ஒரு போன் போட்டால், கண்ணாடி மூடி வைத்த பெட்டி குட்டியானை வண்டியில் வந்து இறங்கும். பிளக்கைச் சொருகிவிட்டால், வெளியூர்ப் பிள்ளைகள் வந்து சேரும் வரைக்கும் பிணம் தாங்கும். நல்ல வசதிதான், நான் குறை சொல்ல மாட்டேன். மாலை போடப் போன முத்தம்மா அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தது. மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. கொடுத்த டீயைக்கூட வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அன்றைக்குத்தான் அந்தப் பேச்சை எடுத்தாள். அவள் புருஷன், என் அண்ணன் பீட்டர், காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் லாரியிலிருந்து கன்டெய்னர் இறக்கிவிட்டு அப்போதுதான் வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். நானும் அங்கேதான் இருந்தேன்.

"நான் செத்தா என்ன அந்தப் பொட்டியில வெக்கக்கூடாது," என்றாள். "எத்தினி சீக்கிரம் முடியுமோ அத்தினி சீக்கிரம் மண்ணுல வெச்சிடு. மண்ணு சூடா இருக்கும்."

அண்ணன் சிரித்தார். செத்தவளுக்குக் குளிர் எப்படித் தெரியும், குழிக்குள்ளே அடுப்பு பற்ற வைத்துத் தரவா என்று கேட்டார். நானும் சேர்ந்து சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"உனுக்குத் தெரியாதுய்யா. உள்ள நின்னா மொதல்ல வெரலு போவும். அப்பறம் காலு போவும். கடைசில நான் எங்க கீறேன்னு எனுக்கே தெரியாது. செத்த பெறகாச்சும் நான் எங்க கீறேன்னு எனுக்குத் தெரியணும்."

மகள் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணு என்றாள். குவைத்தில் இருக்கிறவள் தலைக்கு எங்கே போவது? சுவரில் மாட்டியிருந்த போட்டோவில் மோனிகாவின் தலைமேல் கையை வைத்துச் சத்தியம் பண்ணினார். சத்தியமே பண்ணாதே என்று வேதத்தில் போட்டிருக்கிறது. சர்ச்சில் கேட்டது வீடு வரைக்கும் வந்தால்தானே?

இந்த மே மாதம் ஒருநாள் நைட் ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினாள். நாற்காலியை எடுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எதிரே எங்கள் வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே நான் பார்த்தேன். உருக்கு மில்லின் புகை மேலே மெல்லிசாகப் படர்ந்திருந்தது. அதற்குள்ளிருந்து வந்த வெயில் பழுத்த மாம்பழ நிறத்தில் அவள்மேல் விழுந்துகொண்டிருந்தது. டீ போட்டு எடுத்துக்கொண்டு போய் "அண்ணி" என்றேன். பதில் வர நேரமாகும், அது தெரிந்ததுதானே என்று நின்றேன். டீ ஆறும் வரைக்கும் நின்றேன்.

இதயம் நின்றுவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் துறைமுகத்திலிருந்து வந்து சேருவதற்குள் ஜெரால்ட் போன் போட்டுவிட்டான், பெட்டியும் வந்து இறங்கிவிட்டது. அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அண்ணன் வந்ததும் பெட்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். இதில் வைக்கக் கூடாது, வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றார். தெருவே அவர்மேல் பாய்ந்தது. மோனிகாவுக்கு நாளை ராத்திரிதான் விமானம். இந்த வெயிலில் அதுவரைக்கும் எப்படித் தாங்கும்? பெற்ற பிள்ளை தாய் முகத்தைப் பார்க்க வேண்டாமா?

நானும்தான் சண்டை போட்டேன். ஏன் மறைக்க வேண்டும்? செத்தவள் கேட்டது பெரிதா, உயிரோடு இருக்கிறவள் ஆயுசுக்கும் அழப்போவது பெரிதா என்று கத்தினேன். எந்தப் பிள்ளை தலையில் சத்தியம் பண்ணினாரோ அந்தப் பிள்ளைக்காகத்தானே கேட்கிறோம் என்றேன். அண்ணன் என்னையும் பார்த்தார், நாற்காலியையும் பார்த்தார். கடைசியில் போனை எடுத்து மகளைக் கூப்பிட்டு, எல்லாரும் கேட்கும்படி வைத்தார். அம்மா கேட்டுக்கொண்டதைச் சொன்னார். நீ சொல்கிறபடி செய்கிறேன், நீ வரும் வரைக்கும் வைத்திருக்கட்டுமா என்றார்.

லைன் போய்விட்டதோ என்று ஜெரால்ட் எட்டிப் பார்த்தான்.

"வெக்காத நைனா," என்றாள் மோனிகா. "நான் சின்னப் புள்ளையா இருக்கும்போது அம்மா வேல முடிஞ்சி வந்தா நான் ஓடியாருவேன். கிட்ட வராதன்னும். மொதல்ல அடுப்புல கைய காமிச்சி, தன் கன்னத்துல வெச்சிப் பாத்து, சூடு வந்தப்பறந்தான் என்னத் தொடும். எங்கம்மா கைய நான் சில்லுன்னு பாத்ததே இல்ல. இப்ப வந்து அப்பிடித் தொட வெக்காத நைனா."

இத்தனை வருஷம் எதிர்வீட்டில் இருந்துகொண்டு, வந்ததும் வராததுமாக அடுப்பங்கரைக்கு ஓடுகிறாளே, அவ்வளவு பசியா என்று கேலிதான் பண்ணியிருக்கிறேன். அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். ஜெரால்ட் பெட்டியைத் திரும்ப வண்டியில் ஏற்றினான்.

அன்றைக்குச் சாயங்காலமே அடக்கம் பண்ணிவிட்டோம். பெற்ற மகள் வராமல் என்ன அவசரம் என்று சொந்தக்காரர்கள் சாப்பிடாமல்கூடப் போனார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

மோனிகா வந்தவள் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. விமான நிலையத்திலிருந்து நேராகக் கல்லறைத் தோட்டத்துக்கே வண்டியை விடச்சொல்லிவிட்டாள். நல்ல உச்சி வெயில். ஏரிக்கரையை ஒட்டிய மேடு, ஒரு மரம் கிடையாது. எதிரே வற்றிய ஏரி முழுக்கக் கானல் அசைந்துகொண்டிருந்தது. புது மண் குவியலுக்குப் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்தாள். இரண்டு உள்ளங்கையையும் விரித்து மண்மேல் வைத்தாள். வைத்த வேகத்தில் உடம்பு ஒருமுறை தூக்கிப் போட்டது. கை கொப்பளித்துவிடும், எடுடி என்றேன்.

"இருக்கட்டும் அத்த," என்றாள். முகத்தை மேலே தூக்கிக் கண்ணை மூடியிருந்தாள். "அம்மா தொட்டுக்கினு கீது."

அண்ணன் குடையை விரித்து அவளுக்குப் பிடிக்கப் போனார். நான்தான் பிடுங்கி மடக்கினேன்.