சேஷன் எழுதிய சிபாரிசுக் கடிதம்

சேஷன் டெல்லி லோதி ரோடில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் அண்டர் செக்ரட்டரி. உத்தியோகத்தில் சேர்ந்து இருபத்தேழு வருஷம் ஆகியிருந்தது. உலகத்தில் நல்லதோ கெட்டதோ எது நடந்தாலும், எங்கோ ஒருவர் ஒழுங்காக டிராஃப்ட் எழுதியதால்தான் நடக்கிறது என்பது அவருடைய அசைக்க முடியாத கருத்து. கல்யாணப் பத்திரிகையைக்கூட மூன்று முறை திருத்தித்தான் அச்சுக்குக் கொடுப்பார். அவர் மனைவி ராஜலக்ஷ்மி காய்கறிக்காரனிடம் பேரம் பேசினால், பேரம் எந்த இடத்தில் பிசகியது என்று சாயங்காலம் விளக்குவார்.

2002ஆம் வருஷம் அவருடைய ஒரே மகள் மேதா, டெல்லியில் ஒரு மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் வருஷத்தை முடித்தாள். அவள் வகுப்பில் பாதிப் பேருக்கு உடம்பு டெல்லியிலும் உயிர் அமெரிக்காவிலும் இருந்தது. மேதாவும் அந்தக் கோஷ்டிதான். அங்கே போய் ரெசிடென்ட் டாக்டராக, அதாவது மேற்படிப்புப் பயிற்சி டாக்டராகச் சேர வேண்டுமானால் பரீட்சை பாஸ் செய்தால் மட்டும் போதாது. மூன்று பெரிய டாக்டர்கள் சிபாரிசுக் கடிதம் தர வேண்டும். கடைசி வருஷம் தொடங்குவதற்குள் அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நான்கு வாரம் வேலை பார்த்துவிட்டு வந்தால் இன்னும் விசேஷம். அந்த நான்கு வாரத்துக்கே ஒரு சிபாரிசுக் கடிதம் கேட்டார்கள்.

விஷயத்தைக் கேள்விப்பட்ட அன்றே சேஷன் ஒரு ஃபைல் திறந்தார். பக்கத்துக்குப் பக்கம் நம்பர் போட்டு, ஓரத்தில் பச்சை நாடா கட்டினார். அட்டையில் 'செல்வி மேதா: அயல்நாட்டுப் பயிற்சி' என்று எழுதினார்.

மருத்துவத் துறைத் தலைவர் டாக்டர் கோஸ்லாவைப் பிடிக்க மேதா மூன்று நாள் வராந்தாவில் நின்றாள். நான்காம் நாள் அவர் நடந்துகொண்டே, முகத்தைப் பார்க்காமலே, "நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்" என்று இந்தியில் சொல்லிவிட்டு லிஃப்டுக்குள் போனார். எல்லாருக்கும் அவர் அப்படித்தான் சொல்வார் என்று வகுப்புத் தோழன் அபிஷேக் சொன்னான். அவன் தன் கடிதத்தைத் தானே எழுதி, 'என் இருபது வருஷ அனுபவத்தில் இவனைப் போல் ஒரு மாணவனைக் கண்டதில்லை' என்று கோஸ்லாவின் வாயால் சொல்லவைத்து, கையெழுத்தும் வாங்கிவிட்டிருந்தான். கைவசம் இன்னொரு பிரதி இருப்பதாகவும் பெயரை மட்டும் மாற்றினால் போதும் என்றும் தாராளமாகச் சொன்னான்.

மேதாவுக்குக் கூச்சமாக இருந்தது. வீட்டில் சொன்னாள்.

"அசடு, இதுக்கு ஏன் முழிக்கறே? நான் எழுதறேன்" என்றார் சேஷன். "ஆஃபீஸ்ல வருஷா வருஷம் பதினாலு பேருக்குப் பதவி உயர்வுக்கான ரகசிய அறிக்கை எழுதறவன் நான்."

"சரி, எழுதிட்டு எனக்குக் காட்டுங்கோப்பா."

"அதெப்படி? ஃபார்மைப் படிச்சியோ? கேண்டிடேட் லெட்டரைப் பார்க்கப்படாதுன்னு போட்டிருக்கான். நீயே கையெழுத்தும் போட்டிருக்கே."

"அப்பா, எழுதறதே நீங்கதானே!"

"யார் எழுதினா என்ன? ரூல் ரூல்தான்."

இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதினார். டைப் அடித்து, கவரில் போட்டு, மேலே சிவப்பு மையில் 'ரகசியம்' என்று எழுதி மேதாவிடம் கொடுத்தார். கோஸ்லா அதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். உறையை ஒட்டும் சிரமத்தை அவருடைய பியூன் ஏற்றுக்கொண்டான். கடிதம் அமெரிக்காவுக்குப் போயிற்று. மேதா பரீட்சைக்குப் படிக்கப் போனாள்.

மூன்று வாரம் கழித்துக் கோஸ்லா அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். மேஜைமேல் ஓர் இ-மெயில் அச்சாகிக் கிடந்தது. அந்த ஆஸ்பத்திரியில் பயிற்சிக்குப் பொறுப்பான அம்மாள் மிக மரியாதையாகக் கேட்டிருந்தாள்: இந்தப் பெண்ணின்மீது 'விஜிலன்ஸ் விசாரணை ஏதும் தற்போது நிலுவையில் இல்லை' என்று எழுதியிருக்கிறீர்களே, அப்படியானால் முன்பு இருந்ததா? 'நேர்மை ஐயத்துக்கு அப்பாற்பட்டது' என்றால், ஐயப்பட்டது யார்? 'பதவி உயர்வுக்குத் தகுதி பெற்றவர்' என்றால் எந்தப் பதவி? தவிர, உங்கள் கல்லூரியிலிருந்து வந்த மற்ற பதினொரு கடிதங்களும், அந்தந்த மாணவரே இருபது வருஷத்தில் தலைசிறந்தவர் என்கின்றன. இவளை மட்டும் 'மிக நன்று' என்று நிறுத்திவிட்டீர்கள். இவளிடம் ஏதேனும் குறை உண்டா? இவளோடு நேரடியாக வேலை பார்த்த யாராவது எழுதினால் நல்லது.

"இதை யார் எழுதியது?" என்று கத்தினார் கோஸ்லா.

"எங்க அப்பா, சார்."

கோஸ்லாவுக்கு மேற்கொண்டு கோபப்பட வழியில்லை. கீழே இருந்தது அவருடைய கையெழுத்து. "நீ எந்த யூனிட்?" என்று கேட்டார்.

"உங்க யூனிட்தான் சார். ரெண்டு மாசம் வார்டுல வேலை பார்த்தேன்."

வெளியே வந்த மேதா நேராகப் பஸ் ஏறி வீட்டுக்குப் போனாள்.

"ஏம்பா எனக்கு 'மிக நன்று' போட்டேள்?"

சேஷன் கண்ணாடியைக் கழற்றினார். "ரகசிய அறிக்கையில 'அதிசிறப்பு' போட்டா தனியாக் காரணம் எழுதணும்டி. சொந்தப் பொண்ணுக்கு நானே காரணம் எழுதினா பாரபட்சம்னு ஆகிடாதா?"

இன்னொருவர் பெயரில் கடிதம் எழுதிவிட்டுப் பாரபட்சத்துக்குப் பயந்தார் மனிதர். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்ததில் மேதா சமையலறைக்குள் போய்விட்டாள். "உங்கப்பா எனக்கு 'நன்று'க்கு மேல போட்டதில்லை. நீ கொடுத்துவெச்சவ" என்றாள் ராஜலக்ஷ்மி, ரசத்தை இறக்கியபடி.

மறுநாள் மேதா வார்டுக்குப் போய் சீனியர் ரெசிடென்ட் ஜோதிலிங்கத்தைப் பார்த்தாள். ஒட்டன்சத்திரத்துக்காரர். டெல்லி முனிர்காவில் ஓர் அறையில் இரண்டு பேரோடு தங்கியிருந்தார். இரண்டு மாதமும் அவளை வேலை வாங்கியது அவர்தான்.

"நான் எழுதி என்னம்மா ஆகப்போவுது? எம்பேரு அங்க யாருக்குத் தெரியும்?"

"பேர் வேண்டாம் சார். நான் வேலை பார்த்தேனான்னுதான் கேக்கறா."

"உள்ளதை எழுதுவேன். அப்புறம் வருத்தப்படக் கூடாது."

அங்கேயே கேஸ் ஷீட் தாளில் ஆங்கிலத்தில் ஆறு வரி எழுதி அவளிடமே நீட்டினார்: அறுபது நாளில் ஆறு நாள் தாமதமாக வந்தாள். எக்ஸ்ரே ஒன்றைப் பற்றி என்னோடு சண்டை போட்டாள். அவள் சொன்னதுதான் சரி. சர்க்கரை நோயாளி ஒருவரின் காய்ச்சலுக்கு நாங்கள் நான்கு பேர் காரணம் தேடிக்கொண்டிருந்தபோது, அவருடைய சாக்ஸைக் கழற்றிப் பார்த்தது இவள் மட்டுமே. புண் அங்கே இருந்தது. இவளை என் வார்டில் மறுபடி வைத்துக்கொள்வேன்.

தாமதமாக வந்த ஆறு நாளைப் படித்ததும் மேதாவுக்குச் சுரீரென்றது. அந்த வரியை மட்டும் எடுத்துவிடச் சொல்லலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. சாக்ஸைப் பற்றிய வரியை இன்னொரு முறை படித்துவிட்டு, தாளை மடித்துக் கவரில் போட்டாள்.

பத்தாம் நாள் பதில் வந்தது. ஜூலையில் நான்கு வாரம் வரச் சொன்னார்கள். அபிஷேக்குக்கும் மற்றப் பத்துத் தலைசிறந்தவர்களுக்கும் இடமில்லை என்று ஒரே மாதிரிக் கடிதம் வந்தது. அதில் பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள்.

கிருத்திகையன்று சேஷன் குடும்பத்தோடு மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போனார். அர்ச்சனைக்காக வரிசையில் நின்றவர், முன்னால் நின்ற ஒல்லியான ஆளிடம் தமிழ் முகத்தைக் கண்டுகொண்டு பேச்சுக் கொடுத்தார். மகள் அமெரிக்கா போவதைச் சொன்னார். அடிப்படை டிராஃப்ட் தன்னுடையது என்றார். "பின்னாடி ஒரு பையன் சும்மா ஆறு வரி கிறுக்கிக் கொடுத்தான். ரெஃபரன்ஸ் நம்பர் கிடையாது, தேதி கிடையாது. இந்தக் காலத்துப் பசங்களுக்கு ஒரு லெட்டர் எழுதத் தெரியலை சார்."

"ஆமாங்க சார்" என்றார் அந்த ஆள். "தேதி போட மறந்துட்டேன்."

தேங்காய்த் தட்டோடு வந்து சேர்ந்த மேதா, அப்படியே தூணோடு ஒட்டிக்கொண்டாள்.

சேஷன் வாய் திறந்தபடி இரண்டு விநாடி நின்றார். இரண்டே விநாடிதான். ரெசிடென்ட் வேலைக்கான மனுவுக்கு இன்னும் மூன்று கடிதம் வேண்டும் என்பது அவருக்கு நினைவுக்கு வந்துவிட்டது. ஜோதிலிங்கத்தின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"டாக்டர் சார், நம்மாத்துக்கு வந்து ஒரு காபி சாப்பிட்டுட்டுத்தான் போகணும். பக்கத்துலதான்."