வெந்நீர் இரண்டு

பன்றி இறைச்சியைச் சுத்தியலால் தட்டி, முட்டையில் தோய்த்து, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்துக்கொண்டிருந்தாள் யார்மிலா. மறுநாள் மாலை எங்கள் கூட்டத்துக்கு வெனிஸுக்கு பஸ். எண்ணெய்ப் புகை படிக்கட்டேறி, மேல்மாடியில் நான் கொடியில் போட்டிருந்த துணிவரை வந்து ஒட்டிக்கொண்டது. பழைய ஆட்சி கவிழ்ந்து மேற்கு எல்லை திறந்ததிலிருந்து எங்கள் பிர்னோ நகரத்தில் கோடைக்காலம் என்றால் இந்த நாற்றம்தான். ஊர் ஊராகப் போவோம், எல்லா ஊரிலும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டையே தின்போம்.

யார்மிலா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பவள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அங்கேதான். பெரிய கரண்டியும் கையுமாக நின்று, நீளும் தட்டுகளில் ஊற்றிக்கொண்டே இருப்பாள். வீட்டுக்கு வந்தால் புருஷன் போஹூஷ் தட்டை நீட்டுவான். வியன்னாவுக்கும் ரோமுக்கும் போய் வந்தவள்தான். உள்ளே நுழைய டிக்கெட் கேட்காத இடங்களாகப் பார்த்து, அவற்றின் வாசற்படிகளில் பொட்டலம் பிரித்ததுதான் அவள் கண்ட வியன்னாவும் ரோமும்.

இந்தத் தடவை பஸ் ஏறும்போதே சொல்லிவிட்டாள்.

"போஹூஷ், ஒரே ஒரு தடவை. ஒரு மேசையில உக்காரணும். யாராவது எனக்குக் காப்பி கொண்டுவந்து வைக்கணும். வேற ஒண்ணும் கேக்கல."

"அடேங்கப்பா, மகாராணி!" என்றான் அவன். பஸ்ஸே சிரித்தது. "சரி, உக்கார வைக்கிறேன். வாக்குன்னா வாக்கு."

விடிந்தபோது பஸ்ஸுக்குள் காலுறை நாற்றம், பூண்டுத் தொத்திறைச்சி நாற்றம், கழற்றிய பல்செட்டுகளின் நாற்றம். வெனிஸில் இறங்கியதும் எங்கள் கூட்டம் ஒரு தேவாலயச் சுவரோரமாகப் பிள்ளைகளைத் திருப்பி நிறுத்தி ஒன்றுக்குப் போகவிட்டது. கழிப்பறைக்குக் காசு கேட்கிறார்களாம். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எந்தப் பக்கம் திருப்பினாலும் எங்கள் ஆட்கள்தான்.

மதியம் போஹூஷ் வாக்கைக் காப்பாற்றினான். சதுக்கத்துக் காப்பிக்கடையில் வெள்ளை விரிப்புப் போட்ட மேசை. நானும் கூட உட்கார்ந்தேன். யார்மிலா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள், எடுத்துத் தோளில் மாட்டினாள், மறுபடி மடியில் வைத்தாள். வெள்ளைக் கோட்டுக்காரர் வந்து குனிந்தார். அவள் கன்னம் சிவந்துபோயிற்று.

போஹூஷ் இரண்டு விரலைக் காட்டி, கோப்பையிலிருந்து ஆவி கிளம்புவதுபோல் கையை ஆட்டிக் காட்டினான். "வெந்நீர். ரெண்டு. சூடா!" பிறகு என் பக்கம் திரும்பி, "உங்களுக்கும் சொல்லவா அம்மா?" என்றான். நான் வேண்டாம் என்றேன்.

தேநீருக்குத்தான் போலிருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ, அவர் இரண்டு கோப்பை வெந்நீரும் சின்னக் கரண்டிகளும் கொண்டுவந்து வைத்தார். அவர் நகர்ந்ததும் போஹூஷ் சட்டைப்பையிலிருந்து ஒரு பிலிம் டப்பாவை எடுத்தான். உள்ளே வீட்டில் அரைத்த காப்பித்தூள். எங்கள் ஊரில் காப்பி என்றாலே கோப்பையில் தூளைக் கொட்டி, கொதிநீர் ஊற்றி, மண்டி அடியில் தங்கக் காத்திருப்பதுதான். கொட்டினான். விரிப்பெல்லாம் கறுப்பாகச் சிந்தியது. அதோடு விட்டானா? பையைத் திறந்து பொட்டலத்தையும் பிரித்தான். ஓர் இரவும் அரைப் பகலும் பைக்குள் வெந்துபோன இறைச்சி. தாள் எண்ணெயில் ஊறிக் கண்ணாடிபோல் ஆகியிருந்தது. பக்கத்து மேசைப் பெண்மணி மூக்கருகே கைக்குட்டையைக் கொண்டுபோனாள்.

"எடுத்து உள்ள வைங்க போஹூஷ்" என்றேன்.

"எதுக்கு? காசு குடுக்கப்போற மேசைதானே?"

யார்மிலா இதொன்றையும் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்து, மண்டி தங்கட்டும் என்று காத்திருந்தாள். அது தங்குவதற்குள் வெள்ளைக் கோட்டுக்காரர் வந்துவிட்டார். அவள் விரல்களுக்கு நடுவிலிருந்து கோப்பையை உருவினார். எண்ணெய்த் தாளின் ஓரத்தை இரண்டே விரலால் பிடித்துத் தூக்கி போஹூஷின் மடியில் போட்டார். செத்த எலியை அப்படித்தான் தூக்குவார்கள். பிறகு தெருவைக் காட்டினார்.

எழுந்து நடந்தோம். "காசே கேக்கல பாத்தியா!" என்று போஹூஷ் அவள் முதுகில் தட்டினான்.

சாயங்காலம் நகரத்துக்கு வெளியே மலிவு விடுதியில் அவர்கள் அறையில் கூட்டம். கழுவிக்கொள்ளும் தொட்டியில் தண்ணீர் நிரப்பிப் பீர் பாட்டில்களைக் குளிரப் போட்டிருந்தார்கள். பல் தேய்க்கும் குவளையில் கம்பிச் சுருள் ஹீட்டரைச் செருகி யாரோ டப்பா சூப் கொதிக்கவைத்தார்கள். போஹூஷ் கட்டில்மேல் நின்று கதை சொன்னான்.

"வெனிஸ் சதுக்கத்துல, வெள்ளை விரிப்புல, ஓசியில உக்காந்துட்டு வந்தவன் எவனாவது உண்டா?"

"நீ ஒருத்தன்தான்யா!" என்று கத்தினார்கள்.

"அந்த ஆளு மூஞ்சிய நீங்க பாக்கணுமே! யார்மிலா, நீயே சொல்லு, எப்படி இருந்துச்சு அவன் மூஞ்சி?"

சுவரோரம் நின்றிருந்த யார்மிலா செருப்பில் காலை நுழைத்து, கைப்பையைத் தோளில் மாட்டினாள்.

"ஏய், உன்னத்தான். காப்பி கேட்டே, மேசை கேட்டே, கூட்டிட்டுப் போனேனா இல்லையா?"

அவள் பாட்டில்களைத் தாண்டி, வழியில் நின்ற ஒருவனை ஒதுக்கிவிட்டு, கதவைத் திறந்து வெளியே போனாள்.