முத்தாயியின் மீன் சட்டி

முத்தாயிக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. மலாயாவில் சி ரூசாவுக்கு உள்ளடங்கிய அந்த ரப்பர்த் தோட்டத்தில், கூலிக்காரர்கள் குடியிருந்த லயத்துக்கும் ஸ்டோருக்கும் நடுவே அவள் நடக்கிற நடையில் புல்லே முளைக்காது என்று பக்கத்து வீட்டு மங்கம்மா கேலி செய்வாள். வெள்ளைக்காரன் காலத்தில் புல்லைக் கருக்க விஷ மருந்தடிப்பதுதான் முத்தாயியின் வேலை. சப்பான்காரன் வருகிறான் என்றதும் துரை, ஸ்டோரிலிருந்த மருந்து டின்களை உடைத்துப் பின்பக்கப் பள்ளத்தில் கொட்டச் சொல்லிவிட்டுக் காரேறிப் போனார். எதிரிக்குக் கிடைக்கக் கூடாதாம். மண்ணில் இறங்கினால் யாருக்குக் கிடைக்கும் என்று அந்த மகராசன் யோசிக்கவில்லை.

கொஞ்ச நாளில் ஸ்டோர்க் கிணற்றுத் தண்ணீரைக் குடித்த மாடு நுரை தள்ளிச் செத்தது. அன்றே முத்தாயியின் நிம்மதி போயிற்று. விஷம் மண்ணுக்குள்ளேயே ஊறி லயத்துக் கிணற்றுக்கும் வந்துவிட்டால்? தினமும் காலையில் அங்கே தண்ணீர் இறைத்துச் சட்டியில் ஊற்றி, ஓடையில் பிடித்த மீன்குஞ்சை அதில் விடுவாள். மறுநாள் அது துள்ளினால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். சோறு ஏது, மரவள்ளிக்கிழங்குதான். குழம்பு வைக்க வேண்டியதைச் சட்டியில் வளர்க்கிறாளே என்று பசித்த சனங்கள் வயிறெரிந்தார்கள்.

பிறகு சப்பான்காரர்கள் கண்ணில் பட்ட இரும்பையெல்லாம் அள்ளினார்கள். கிணற்று வாளியும் போயிற்று. முத்தாயிதான் ஸ்டோர்ப் பக்கம் கிடந்த காலி மருந்து டின் ஒன்றை வெட்டி, கம்பி கோத்து வாளியாக்கினாள். தோட்டத்தில் அது வழக்கம்தான். சாம்பலும் மணலும் போட்டுத் தேய்த்துவிட்டால் எந்த டின்னும் பாத்திரம்தான். லயமே அவளை மெச்சியது.

அந்த வாரமே மீன் செத்தது. வேறு மீன் விட்டாள், அதுவும் செத்தது. கைக்குழந்தைக்காரியான மகள் பஞ்சாலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தாள். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி மகாலிங்கம் வந்து சட்டியைப் பார்த்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கெட்டவரில்லை, பயந்தவர். இரண்டு கிணறும் கெட்டால் சப்பான்காரர்கள் லயத்தைக் காலி செய்து ஆண்களைச் சயாமில் ரயில் பாதை போட ஏற்றிவிடுவார்கள் என்றார்.

"நாளைக்கும் மீன் செத்தால் நான் சப்பான்காரனிட்டச் சொல்லத்தான் வேணும், முத்தாயி. மறைச்சால் என்ர தலை போகும்."

முத்தாயியின் புருஷன் ஏற்கெனவே சயாமுக்குப் போனவன். உயிரோடு இருக்கிறானா என்றுகூடத் தெரியவில்லை. இப்போது மருமகன் அர்ச்சுனனும் போவதா? அவள் கிணற்றைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

வெயிலில் கவிழ்த்து வைத்திருந்த வாளியை மங்கம்மாவின் ஆடு நக்கிக்கொண்டிருந்தது. விரட்டினாள். போவது போல் போய்த் திரும்பி வந்து அடி மடிப்பையே நக்கியது. முத்தாயிக்குப் பழைய வேலை நினைவு வந்தது. மருந்தடிக்கிற நாட்களில் மாடுகளைக் கட்டிப்போடச் சொல்லி, வேலை வாங்கும் மண்டோர் தொண்டை கிழியக் கத்துவார். அந்த மருந்து உப்புக் கரிக்கும். அடித்த புல்லைத் தேடி வந்து மாடு நக்கும். அவள் வாளியின் மடிப்பை நகத்தால் கிளறினாள். வெள்ளையாய் மருந்துப் பொருக்கு உதிர்ந்தது.

கிணறு கெடவில்லை. அவள் கையால் செய்த வாளிதான் கெட்டது. அங்கேயே செத்துவிட்டால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. ஆனால் சாக நேரமில்லை. வீடு வீடாக ஓடி, பானைகளில் இருந்த தண்ணீரைக் கொட்டினாள். பாக்குமட்டையை மடக்கித் தைத்து, அதில் புதிதாகத் தண்ணீர் இறைத்தாள். மங்கம்மாவிடம் வேறு சட்டி வாங்கி மீன் விட்டாள்.

மறுநாள் காலையில் மீன் வாலை வீசிச் சுழன்றது. ஆடுதான் எழுந்திருக்கவில்லை. மீனைப் பார்க்க வந்த கிராணி டின் வாளியைத் தூக்கிக் காட்டி, யார் செய்த வாளி இது என்று கேட்டார்.

"கெணறு நல்லாதான் இருக்குங்கய்யா. நான் செஞ்ச வாளிதான் எம்மவளக் கொல்லப் பாத்துச்சு," என்றாள் முத்தாயி.

அந்த வாரம் சயாமுக்கு ஆளெடுக்க வந்த லாரி லயத்துப் பக்கம் திரும்பவில்லை. அர்ச்சுனன் தப்பினான். பஞ்சாலையும் மெல்லத் தேறினாள். முத்தாயி அவளுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். பஞ்சாலை வாங்கினாள், குடிக்கவில்லை. தண்ணீரைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள்.

முத்தாயி அதைத் திரும்ப வாங்கிப் பாதி குடித்துவிட்டு மீதியைக் கொடுத்தாள். பின்னாளில் லயத்துக்குப் பைப்புத் தண்ணீர் வந்தபோதும், தான் ஒரு வாய் குடிக்காமல் மகளுக்கு அவள் தண்ணீர் கொடுத்ததே இல்லை.